கவராயப் பெட்டியைத் தேடி வட ஆற்காட்டில்

வியாழன், வேலூர்

பழைய டிராயிங் பெட்டிகளையும், கையோடு எடுத்துப் போகிற அளவைக் கருவிகளையும் தேடித்தான் இந்த வாரம் வேலூர் பக்கம் வந்திருக்கிறேன். பாலிடெக்னிக்கில் சிவில் டிராயிங் நடத்துகிறவள் நான். இந்தச் சாமான்கள் மேல் எனக்கு வெகுநாள் பிரியம். நில அளவை வரலாறு என்று பேச ஆரம்பித்தால் எல்லோரும் கோணம் அளக்கிற பெரிய கருவியான தியோடலைட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். மலையுச்சிக்கு ஆட்கள் தூக்கிப் போன கதை, கப்பலில் வந்த கதை எல்லாம் புத்தகங்களில் இருக்கிறது. ஆனால் நம் பாட்டன் நிலத்துக்கு எல்லை போட்டுக் கொடுத்தது அந்தப் பெரிய கருவி இல்லை. ஒரு சங்கிலி, ஒரு குறுக்குக் கட்டை, கையில் அடங்குகிற ஒரு பெட்டி, அவ்வளவுதான். அந்தப் பெட்டியைப் பற்றி எழுத ஆளில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

வட ஆற்காட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. இது பிரிந்து பிரிந்து வந்த ஜில்லா. 1911 வரை தலைமையிடம் சித்தூர். அந்த வருஷம் சித்தூர் தனி ஜில்லாவாகப் போனது, வேலூர் தலைமையிடம் ஆனது. 1989ல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. மலை, காடு, ஏரி, ஆற்றுப்படுகை, மானாவாரி நிலம் எல்லாம் கலந்து கிடக்கிற பூமி இது. அளப்பவர்களுக்கு இங்கே வேலை ஓய்ந்ததே இல்லை. அவர்கள் வைத்திருந்த சாமான் ஏதாவது வீடுகளில் மிச்சம் இருக்கும் என்று நம்பி வந்தேன்.

காட்பாடியில் இறங்கி வேலூர் வந்து சேரும்போதே வெயில் தலையில் ஏறிவிட்டது. மதியம் தூங்கி எழுந்து, சாயங்காலம் லாங் பஜார் பக்கம் நடந்தேன். ஒரு சந்துக்குள் பழைய இரும்புக் கடை. மோட்டார், பித்தளைக் குழாய், தராசுத் தட்டு எல்லாம் குவிந்து கிடந்தது. கடைக்காரர் வயதானவர்.

"பாய், பழைய காம்பஸ் பெட்டி, டிராயிங் சாமான் ஏதாவது வருமா?"

"வரும் மேடம், எப்பவாச்சும் வரும். இரும்மா, ஒண்ணு கிடக்குது." உள்ளே போய் ஒரு தகர டப்பாவை எடுத்து வந்து கொட்டினார். "இதெல்லாம் இன்னா சாமான்னே தெரியல. ஆஸ்பத்திரி கத்தின்னு நெனச்சுகினு இருந்தேன்."

ஆஸ்பத்திரிக்குப் பேர் போன இந்த ஊரில் அப்படி நினைப்பது இயல்புதான். பளபளவென்று எஃகு முனை, உள்ளே நீல வெல்வெட், ஒவ்வொரு சாமானுக்கும் அளந்து வெட்டிய பள்ளம் என்றால் முதலில் டாக்டர் ஞாபகம்தான் வரும். டப்பாவில் கிடந்தவை: தூரத்தை எடுத்து வைக்கிற இரண்டு ஊசிக் கால் டிவைடர் ஒன்று, ஊசி முனை போன ஒரு காம்பஸ், பென்சில் கால் ஒன்று, இரண்டு அலகுக்கு நடுவே மை நிற்கிற, கோடு போடுகிற ரூலிங் பேனா மூன்று. பெட்டி இல்லை. பேனாக்களில் ஒன்றின் கைப்பிடி தந்தம் போலத் தெரிந்தது. தூக்கிப் பார்த்தேன், எலும்பு. தந்தத்தில் வலை வலையாக ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய கோடுகள் தெரியும், எலும்பில் கறுப்புப் புள்ளிகளாகவும் கீற்றாகவும் இருக்கும்.

டிவைடரை விரித்து மூடிப் பார்த்தேன். நல்ல டிவைடரின் மூட்டு ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே இறுக்கத்தில் நகரும். எங்கும் தளராது, எங்கும் பிடிக்காது. இதில் அந்தக் குணம் இன்னும் இருந்தது. எடைக்குப் போட்ட சாமான் என்று யாரும் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். பாய் பித்தளை விலையே போட்டார்.

ராத்திரி அறையில் உட்கார்ந்து ஈரத் துணியால் துடைத்ததில் டிவைடரின் உட்பக்கம் எழுத்து தெரிந்தது: ஸ்டான்லி, லண்டன். வில்லியம் ஃபோர்டு ஸ்டான்லி 1850களில் லண்டனில் கடை வைத்தவர். அவர் காலத்துக் கம்பெனி டிராயிங் சாமான்கள் நம் நாட்டு இன்ஜினீயரிங் ஆபீஸ்களில் நிறையப் புழங்கின. உலோகம் பித்தளை இல்லை, ஜெர்மன் சில்வர். பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகம். பித்தளை வியர்வை பட்டால் பச்சை பிடிக்கும், வெள்ளைத் தாளில் கறை விடும். ஜெர்மன் சில்வர் அப்படிச் செய்யாது. பொதுவாக முழுக்கப் பித்தளையும் எஃகுமாக இருந்தால் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதி அல்லது அதற்கும் முந்தையது, ஜெர்மன் சில்வர் என்றால் அதற்குப் பின்னால் என்று ஒரு தோராயக் கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளி, குடியாத்தம்

இன்றைக்குத்தான் வந்த காரியம் பலித்தது. குடியாத்தத்தில் ரிட்டயர்டு சர்வேயர் ஒருவர் வீடு. எண்பதைத் தாண்டியவர். என் சக ஆசிரியர் ஒருவர் மூலம் பழக்கம். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் ஐயா என்றே எழுதுகிறேன்.

போனதும் ஐயா எதுவும் பேசவில்லை. பரணிலிருந்து பேரனை விட்டு ஒரு சாக்குப் பையை இறக்கச் சொன்னார். அவிழ்த்தால் சங்கிலி. இரண்டு முனையிலும் பித்தளைப் பிடி, நடுவில் துருவேறிய கம்பிக் கண்ணிகள்.

"இது எங்க மாமனார் வச்சிருந்தது. அவரும் சர்வேதான். எண்ணிப் பாரும்மா."

எண்ணத் தேவையில்லை. இது கண்ட்டர் சங்கிலி. எட்மண்ட் கண்ட்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1620ல் வகுத்தது. 66 அடி நீளம், 100 கண்ணி. ஒவ்வொரு பத்துக் கண்ணிக்கும் ஒரு பித்தளைச் சீட்டு தொங்கும். முதல் பத்துக்கு ஒரு பல், இருபதுக்கு இரண்டு பல், முப்பதுக்கு மூன்று, நாற்பதுக்கு நான்கு. நடுவில் ஐம்பதுக்கு மட்டும் வட்டச் சீட்டு. எந்த முனையிலிருந்து எண்ணினாலும் இதே வரிசை வருவதால் வயலுக்குள் நின்றபடியே விரலால் தடவி எத்தனையாவது கண்ணி என்று சொல்லிவிடலாம். சேறு அப்பியிருந்தாலும் பரவாயில்லை.

66 அடி என்பது விசித்திரமான எண்ணாகத் தெரியும். கிரிக்கெட் ஆடுகளத்தில் ஸ்டம்புக்கும் ஸ்டம்புக்கும் இடையே உள்ள 22 கஜமும் அதேதான், ஒரு சங்கிலி. அந்த எண்ணின் அருமை பரப்பளவு போடும்போது தெரியும். பத்துச் சதுரச் சங்கிலி சரியாக ஒரு ஏக்கர். கண்ணிக் கணக்கில் ஒரு லட்சம் சதுரக் கண்ணி. அதில் நூறில் ஒன்று சென்ட். ஆக ஒரு சென்ட் என்பது சரியாக ஆயிரம் சதுரக் கண்ணி. நீளத்தையும் அகலத்தையும் கண்ணியில் பெருக்கி மூன்று இலக்கம் தள்ளிப் புள்ளி வைத்தால் சென்ட் வந்துவிடும். சதுர அடியில் போனால் 435.6 என்று வகுத்துக்கொண்டு நிற்க வேண்டும். இன்றைக்கும் ரியல் எஸ்டேட் போர்டில் "சென்ட் இவ்வளவு" என்று எழுதுகிறோமே, அது அந்தச் சங்கிலி நமக்கு விட்டுப்போன அளவு. அதற்கு முன்னால் இந்தப் பக்கம் காணி, குழி என்று கணக்கு. சோழர் கல்வெட்டில் பதினாறு சாண் கோல் வரும். அவையும் அளப்பவன் கையில் தூக்கிப் போன கருவிகள்தானே.

ஐயா சங்கிலியின் ஒரு வளையத்தைக் காட்டினார். உள்பக்கம் தேய்ந்து மெலிந்திருந்தது. "ஒவ்வொரு கண்ணிக்கும் நடுவுல வளையம். இழுக்க இழுக்கத் தேயும். தேஞ்சா சங்கிலி நீளும். நீண்ட சங்கிலியில அளந்தா நிலம் கொறைஞ்சு வரும். அவன் நிலத்தை நாம திருடின மாதிரி ஆயிடும்மா. அதனால வேலைக்குப் போறதுக்கு முன்னாடி அளவுக் கல்லுல வச்சு நீளம் சரியான்னு பாப்போம்." அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் கறாராக இருந்தது. வேலையை விட்டு இத்தனை வருஷம் ஆன பின்னும் அந்த அக்கறை போகவில்லை.

அப்புறம்தான் பெட்டி வந்தது. ஒரு சாண் நீளம், கறுப்புத் தோல் போர்த்திய மரம். கொக்கி போய் நூல் கட்டியிருந்தது. திறந்தால் முழு செட்! பெரிய காம்பஸ், அதற்கு மாட்டும் மைக் கால், பென்சில் கால், நீட்டுக் கம்பி. ஒரு ஹேர் ஸ்பிரிங் டிவைடர், ஒரு காலில் சின்னத் திருகு வைத்து மயிரிழை நகர்த்தலாம். மூன்று ஸ்பிரிங் பவ் காம்பஸ்கள், நகத்தளவு வட்டம் போட. இரண்டு ரூலிங் பேனா. ஒரு பேனாவின் கைப்பிடியைத் திருகிக் கழற்றினார், உள்ளே ஊசி. புள்ளி குத்துகிற பிரிக்கர். மூட்டை இறுக்குகிற இரண்டு பல் சாவியும் தனியாக இல்லை, இன்னொரு கைப்பிடியின் மறுமுனையில். கையடக்கப் பெட்டி செய்தவர்களின் சாமர்த்தியம் இதில்தான் இருக்கிறது. ஒரு சாமான் இரண்டு வேலை செய்யும், ஒன்றுக்குள் ஒன்று ஒளிந்திருக்கும். அடித்தட்டைத் தூக்கினால் பாக்ஸ் மரத்தில் செய்த ஆஃப்செட் ஸ்கேல், ஒரு பாகைமானி.

ஐயா மேசையில் ஒரு பழைய தாளைப் போட்டு, புல அளவுப் படம் எப்படி எழுந்தது என்று காட்டினார். கல்லுக்குக் கல் சங்கிலி பிடித்து வயலை முக்கோணங்களாகப் பிரிப்பது. நடுவில் ஓடுகிற மூலைவிட்டக் கோட்டிலிருந்து வரப்பு வளைகிற ஒவ்வொரு இடத்துக்கும் செங்குத்தாக அளக்கிற தூரம்தான் ஆஃப்செட். செங்குத்துக்குக் கிராஸ் ஸ்டாஃப், அதாவது முதலில் சொன்ன குறுக்குக் கட்டை. நாலு பக்கமும் கீறல் விட்ட கட்டை, ஒரு கீறல் வழியாகக் கோட்டைப் பார்த்துவிட்டு அடுத்த கீறல் வழியாக வரப்பைப் பார்க்க வேண்டும். செயின்மேன் இழுப்பார், இன்னொருவர் அம்பு என்கிற அடையாளக் கம்பியைத் தரையில் குத்துவார். எல்லா எண்ணும் லிங்ஸில், அதாவது கண்ணிக் கணக்கில், நோட்டில் ஏறும். மெட்ராஸ் ராஜதானியில் 1858ல் ரெவின்யூ சர்வே தொடங்கிய பிறகு இந்த மாதிரிச் சங்கிலி அளவை ஊர் ஊராகப் போனது. படம் எழுந்தது ராத்திரியில், சத்திரத்திலோ கூடாரத்திலோ, இந்தப் பெட்டியை விரித்து வைத்து.

கிராமப் படம் மைலுக்கு 16 அங்குலம் என்ற அளவில் இருக்கும். அதாவது படத்தில் ஓர் அங்குலம் தரையில் ஐந்து சங்கிலி. நான் அங்கேயே கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த அளவில் 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு தரையில் இரண்டரை அடிக்கு மேல் மூடும். அரை மில்லிமீட்டர் கோடு என்றால் ஆறரை அடி! வரப்பு மொத்தமும் கோட்டுக்குள் மறைந்துவிடும், பக்கத்து நிலத்துக்காரருடைய நிலமும் கொஞ்சம் சேர்ந்து. ரூலிங் பேனாவின் இரண்டு அலகையும் அவ்வளவு கவனமாகத் தீட்டி வைத்திருந்தது அழகுக்காக மட்டும் இல்லை.

ஐயா வீட்டு அம்மா சாப்பிடக் கூப்பிட்டார்கள். முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பு. வேலூர்ப் பக்கத்துக் கத்தரிக்காய்க்குத் தனி ருசி. "இந்தப் பொட்டியத் தொட்டா எனக்கே திட்டு விழும், உங்களுக்கு மட்டும் எடுத்துக் குடுத்துட்டாரு பாரு" என்று அம்மா சொன்னதும் ஐயா லேசாகச் சிரித்தார்.

விற்கிறீர்களா என்று நான் கேட்கவில்லை. பேரன் இன்ஜினீயரிங் சேரப் போகிறானாம். பெட்டி அவனுக்கு.

சனி, ஆற்காடு, வாலாஜா

காலையில் ஆற்காடு. பாலாற்றுப் பாலத்தில் பஸ் போகும்போது கீழே மணலும் கருவேலமும்தான். டெல்லி கேட்டைப் பார்த்தேன். 1751ல் கிளைவ் ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கிய கோட்டையில் மிச்சம் அந்த வாசல்தான். மக்கன் பேடா வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

வாலாஜாவில் ஒரு பழைய வீடு. அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறைக்கு முன்னால் ஒருவர் ரயில்வே ஓவர்சீயராக இருந்தாராம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும்தான் ஓடியது. பாதைக்கு மட்டம் பார்த்தவர்கள், பாலாற்று அணைக்கட்டுக்கு மட்டம் பார்த்தவர்கள், இவர்கள் எல்லாம் இந்தத் தெருக்களில் தங்கித்தான் வேலை பார்த்திருப்பார்கள். முக்காலியில் நிற்கிற மட்டக் கருவியான டம்பி லெவல் 1832ல் வில்லியம் கிராவட் என்ற இன்ஜினீயர் செய்தது. குள்ளமான தொலைநோக்கி, அதனால் தூக்கவும் சுலபம்.

வீட்டுக்கார அண்ணன் கொண்டு வந்து வைத்த சாமானைப் பார்த்ததும் எனக்கு மூச்சே நின்றது. ஒரு செக்டர். நம் ஊரில் இதைப் பார்த்தவர்கள் குறைவு. மடக்குக் கால்குலேட்டர் என்று சொன்னால் தப்பில்லை.

கீலில் இணைந்த இரண்டு தட்டைக் கைகள். இரண்டிலும் கீலின் மையத்திலிருந்து கோடுகள் விரிந்து போகும், மேலே எண்கள். கலிலியோ 1597ல் இதன் ஒரு வடிவத்தைச் செய்து படைவீரர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். லண்டனில் தாமஸ் ஹூட் 1598ல் தன் வடிவத்தை வெளியிட்டார். வேலை செய்வது ஒத்த முக்கோணத்தில்தான், பத்தாம் வகுப்புப் பாடம். கொடுத்த கோட்டை ஏழு சமபாகமாகப் பிரிக்க வேண்டும் என்று வையுங்கள். டிவைடரில் கோட்டின் நீளத்தை எடுங்கள். செக்டரின் இரண்டு கையிலும் உள்ள 7 என்ற புள்ளிகளுக்கு இடையே அந்த நீளம் வருகிறவரை கைகளை விரியுங்கள். அப்படியே அசைக்காமல், 1க்கும் 1க்கும் இடையே உள்ள தூரத்தை டிவைடரில் எடுங்கள். அதுதான் ஏழில் ஒரு பங்கு. வகுத்தல் இல்லை, பென்சில் இல்லை. படத்தின் அளவை மாற்றி வரையவும், கோணத்தின் நாண், சைன் எடுக்கவும் அதே கருவியில் வேறு கோடுகள். டிவைடர் குத்திக் குத்தி அந்தப் புள்ளிகள் குழிந்திருந்தன. எந்த எண்ணில் குழி அதிகம் என்று பார்த்தால் வைத்திருந்தவர் எந்தக் கணக்கை அதிகம் போட்டார் என்று தெரியும். இதில் 8லும் 10லும்தான்.

"நீங்களே ஒரு விலை சொல்லுங்க மேடம்" என்றார் அண்ணன்.

அங்கேதான் சிக்கல். கைகளில் அந்த வலைக் கோடு தெளிவாகத் தெரிந்தது. தந்தம். "இதை நான் வாங்கக்கூடாது அண்ணே, நீங்களும் யாருக்கும் விக்கக்கூடாது" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. நிதானமாகச் சொன்னேன். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986லும் 1991லும் வந்த திருத்தங்களுக்குப் பிறகு இந்தியாவில் தந்த வியாபாரமே கிடையாது, பழசா புதுசா என்ற கேள்வியே இல்லை. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழம்பொருள் என்றால் அதைத் தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்பவும் 1972லேயே தடை. வீட்டில் இருப்பதைப் பற்றி வனத்துறை ஆபீஸில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள், ஆன்லைனில் யாராவது பெரிய தொகை சொன்னால் நம்பாதீர்கள் என்றேன். எனக்கும் மனசு வலித்தது. ஆனால் இந்தச் சாமான்களை நேசிக்கிறவர்கள் இதில் மட்டும் வளைந்து கொடுக்கக்கூடாது. பாக்ஸ் மரத்தில் செய்த செக்டரும், பித்தளைச் செக்டரும் இருக்கின்றன. தந்தம் ஈரத்துக்கும் வெயிலுக்கும் சுருங்கி வளைகிற பொருள், அளவுக்கு பாக்ஸ் மரத்தை நம்பியவர்கள் விவரம் தெரிந்தவர்கள்.

அண்ணன் கடைசியில் சமாதானமாகி, மோர் கொடுத்தார். நான் செக்டரின் எல்லாக் கோட்டையும் நோட்டில் வரைந்துகொண்டேன். மாணவர்களுக்கு அட்டையில் செய்து காட்டப் போகிறேன்.

ஞாயிறு, போளூர் சாலை

லீவு நாள், கடைகள் இல்லை. திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறிக் கண்ணமங்கலம் தாண்டிப் போளூர் வரை போய் வந்தேன். வலது பக்கம் ஜவ்வாது மலைத்தொடர் கூடவே வருகிறது. அதன் விளிம்பில் உள்ள மலைகளில் ஒன்றுதான், மலைக்கு மலை முக்கோணம் போட்டுத் தென்னிந்தியாவை அளந்த வில்லியம் லாம்ப்டன் கர்நாடிகர் என்று எழுதிய அளவை நிலையம்.

பெரிய தியோடலைட்டின் கதையை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். லாம்ப்டன் 1802 ஏப்ரல் 10ல் பரங்கிமலை அருகே ஏழரை மைல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அவருடைய சங்கிலி ராம்ஸ்டன் செய்த எஃகுச் சங்கிலி, நூறு அடி, நாற்பது கண்ணி. வில்லியம் கேரி செய்த தியோடலைட் 36 அங்குல வட்டம், அரை டன் எடை. வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய், பிறகு மரியாதையாக அனுப்பி வைத்தார்கள். 1808ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து மோதி, வட்டம் நசுங்கியது. லாம்ப்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து அதைத் தானே திருத்தினார். இந்த மலையிலிருந்து கிழக்கே கருங்குழி வரை அவர் முக்கோணத்தின் நீண்ட பக்கம் ஒன்று போனது. அட்சரேகை 12 பாகை 32 கலையில் பூமியின் ஒரு பாகைக்கு எத்தனை அடி என்று கண்டுபிடிக்க.

மகத்தான வேலை, சந்தேகமே இல்லை. பூமியின் உருவத்தையே அளந்த மனிதர். ஆனால் பஸ் ஜன்னல் வழியே அந்த மலையையும், அடிவாரத்தில் கட்டம் கட்டமாகக் கிடக்கிற நெல் வயலையும் மணிலாக் கொல்லையையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். முக்கோணம் மலையிலிருந்து மலைக்குத் தாவும். நடுவில் உள்ள ஊர்களுக்கு எல்லை காட்டிக் கொடுக்காது. ஒவ்வொரு கட்டத்தின் நாலு மூலையிலும் ஒருவர் போய் நின்றார், சங்கிலி பிடித்தார், எண்ணைச் சொன்னார், ஒருவர் எழுதினார். அவர்கள் பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை. பெரும்பாலானவர்கள் நம் ஊர்க்காரர்கள். சென்னையில் மைக்கேல் டாப்பிங் 1794ல் சர்வே பள்ளி ஆரம்பித்தார். பின்னாளில் கிண்டி இன்ஜினீயரிங் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். அங்கே படித்த பையன்கள் முதல், ஐயாவின் மாமனார் வரை ஒரே தொடர்ச்சியாகத்தான் எனக்குத் தெரிகிறது.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த விவசாயி ஒருவர் நான் நோட்டில் எழுதுவதைப் பார்த்து "நீங்க சர்வேயாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றதும், அவருடைய எண்பத்தி மூணு சென்ட் தகராறை ஆரணிப் பிரிவு ரோடு வரை சொல்லிக்கொண்டு வந்தார். எண்பத்து மூவாயிரம் சதுரக் கண்ணி என்று மனசுக்குள் போட்டுக்கொண்டேன்.

திங்கள், மறுபடி வேலூர்

காலையில் கோட்டைக்குள் கொஞ்ச நேரம். ஜலகண்டேஸ்வரரைப் பார்த்துவிட்டு அகழியோரம் நடந்தேன். பாக்கெட்டில் கொண்டுவந்த என் பிரிஸ்மேட்டிக் காம்பஸால் (வட்டம் போடுகிற காம்பஸ் இல்லை, பட்டகம் வைத்த திசைகாட்டி) கொத்தளங்களின் திசைக்கோணம் எடுத்தேன். 1812ல் ஷ்மால்கால்டர் காப்புரிமை வாங்கிய கருவி இது. உள்ளே சுழலும் தட்டில் எண்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி எழுதியிருக்கும், பட்டகத்தின் வழியாகப் பார்க்கும்போது நேராகத் தெரியும். ஒரே கண்ணால் கொத்தளத்தையும் கோணத்தையும் ஒன்றாகப் பார்த்துவிடலாம். முக்காலி வேண்டாம், உதவியாள் வேண்டாம்.

மத்தியானம் பழம்பொருள் விற்கிற ஒரு கடை. அங்கே பார்த்தது எனக்குக் கோபம் உண்டாக்கியது. ஒரு ஜெர்மன் உருளைக் கைப்பிடி செட், ரீஃப்லர் 1877ல் கொண்டுவந்த பாணி. அதைப் பிரித்து, காம்பஸ்களை மட்டும் எடுத்து, சக்கரத்தில் மெருகேற்றி, மரச் சட்டத்தில் ஆணியடித்து, சுவரில் மாட்டுகிற அலங்காரமாக ஆக்கியிருந்தார்கள். மெருகில் முனைகள் மழுங்கிவிட்டன, கம்பெனி எழுத்து அழிந்துவிட்டது. பெட்டி எங்கே என்று கேட்டேன். "அது செல்லரிச்சுப் போச்சு, தூக்கிப் போட்டுட்டோம்." பெட்டியில் இருக்கிற பள்ளங்கள்தான் எந்த சாமான் காணாமல் போயிருக்கிறது என்று சொல்லும். மூடியின் உட்புறம்தான் விற்றவர் பெயர் ஒட்டியிருக்கும், மெட்ராஸில் வாங்கியதா, கல்கத்தாவிலிருந்து வந்ததா என்று தெரியும். அது போனால் மிச்சம் வெறும் உலோகம்.

அறைக்குத் திரும்பி, வியாழக்கிழமை வாங்கிய ரூலிங் பேனாக்களில் ஒன்றைத் தீட்டினேன். செய்முறையை எழுதி வைக்கிறேன், இதைச் சொல்லிக் கொடுக்க ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். முதலில் காய்ந்த மையை வெந்நீரில் ஊற வைத்து எடுக்க வேண்டும், கத்தியால் சுரண்டக்கூடாது. திருகை முடுக்கி இரண்டு அலகும் தொடுகிறபடி வைத்து, எண்ணெய்க் கல்லில் பேனாவை நிமிர்த்திப் பிடித்து இடமும் வலமும் ஆட்டி ஆட்டி இழுத்தால் இரண்டு முனையும் ஒரே நீளத்துக்கு, ஒரே வளைவுக்கு வரும். இப்போது முனை மொண்ணையாக இருக்கும். திருகைத் தளர்த்தி, ஒவ்வொரு அலகாக வெளிப்பக்கத்தை மட்டும் தீட்ட வேண்டும். உள்பக்கத்தைத் தொடவே கூடாது, தொட்டால் மை ஒழுங்காக இறங்காது. முனையில் வெளிச்சம் பளிச்சிடுவது நிற்கும் வரை தீட்டினால் போதும், அதற்கு மேல் போனால் தாளை வெட்டும்.

இண்டியன் இங்க்கில் பேனாவை முக்கக்கூடாது. சொட்டுக் குழாயால் இரண்டு அலகுக்கு நடுவே கால் அங்குலத்துக்கு விட வேண்டும். திருகு ஸ்கேலுக்கு வெளிப்பக்கம் இருக்க வேண்டும். அழுத்தம் கூடாது. டிரேசிங் துணி இப்போது எங்கே கிடைக்கிறது, டிரேசிங் தாளில்தான் போட்டுப் பார்த்தேன். முதல் இரண்டு கோடு திக்கித் திக்கி வந்தது. மறுபடி கல்லில் நாலு இழுப்பு. அடுத்த கோடு ஒரே சீராக, மெல்லியதாக இறங்கியது. லென்ஸ் வைத்து ஸ்கேலோடு பார்த்தேன், 0.2 மில்லிமீட்டருக்குள்.

வேலை முடிந்ததும் மையைத் துடைத்து, திருகைத் தளர்த்தி வைத்துவிட வேண்டும். அலகின் விறைப்பு போகாமல் இருக்க அது அவசியம். பெட்டிக்குள் உப்புக் காற்றும் ஈரமும் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும், எஃகு முனைகளுக்கு ஒரு துளி மெஷின் எண்ணெய். பித்தளையையும் ஜெர்மன் சில்வரையும் பாலீஷ் போட வேண்டாம்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் தாத்தாவின் டிராயிங் பெட்டி, சங்கிலி, பாக்ஸ் மர ஸ்கேல் ஏதாவது இருந்தால், பிரிக்காமல், தேய்க்காமல், இருக்கிறபடியே நாலு பக்கமும் படம் எடுங்கள். மூட்டின் உட்பக்கத்தையும் மூடியின் உட்புறத்தையும் தனியாக எடுங்கள். அவர் எந்த ஆபீஸில், எந்தத் தாலுகாவில் வேலை பார்த்தார் என்பதை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். எனக்கும் எழுதுங்கள். திருப்பத்தூர், வாணியம்பாடிப் பக்கம் இந்தத் தடவை போக முடியவில்லை, அந்த ஊர்க்காரர்கள் யாராவது சொன்னால் தை மாதம் வருகிறேன்.